கானா நாட்டுக் கொடியும் இலச்சினையும்

ஒரு நாட்டின் கொடி கண்ணுக்கு அழகான துணி மட்டுமன்று. அந்நாட்டு மக்கள் எதை இழந்தார்கள், எதை உடையவர்கள், எதை விரும்புகின்றார்கள் என்பவற்றை அது உலகுக்கு உணர்த்துகின்றது. நெசவும் பயிர்த்தொழிலுமே வாழ்வாகக் கொண்ட நம் சங்க அங்கத்தினர்கள், மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள கானா நாட்டின் கொடியையும் இலச்சினையையும் அறிந்துகொள்வது பயனுடையதாகும். அந்நாட்டார் தம் அரசாங்கக் கேடயத்திலேயே ஒரு பயிரைப் பொறித்துள்ளனர். அவர்தம் தறியில் நெய்யப்படும் துணியோ ஒரு சமயம் நாட்டின் அரசியலையே பேசியது.

விடுதலையும் கொடியும்

கானா நாடு முன்னர்ப் ‘பொற்கரை’ என்று பொருள்படும் ‘கோல்டு கோஸ்டு’ என்னும் பெயருடன் பிரிட்டிஷ் ஆட்சியின்கீழ் இருந்தது. 1957ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 6ஆம் நாள் அது விடுதலை பெற்று, பழைய ஆப்பிரிக்கப் பேரரசு ஒன்றின் பெயரைத் தனதாக்கிக்கொண்டது. அன்று அக்ரா நகரில் பிரிட்டிஷ் கொடி இறங்கிப் புதுக்கொடி ஏறிற்று. அதனை வரைந்தவர் தியோடோசியா ஒக்கோ (1922–2015) என்னும் பெண்மணி. இவர் ஆசிரியை, ஓவியக் கலையிலும் வல்லவர். பிற்காலத்தில் அந்நாட்டு ஹாக்கி ஆட்டத்தின் வளர்ச்சிக்கும் உழைத்தவர்.

கொடியின் நீளமும் அகலமும் மூன்றுக்கு இரண்டு என்னும் அளவில் அமைந்தவை. மேலே சிவப்பும், இடையே பொன்னிறமும், கீழே பச்சையுமாக ஒரே அகலமுள்ள மூன்று பட்டைகள் கிடைவாக்கில் உள்ளன. பொன்னிறப் பட்டையின் நடுவே ஐந்து முனைகளையுடைய கறுப்பு விண்மீன் ஒன்று விளங்குகின்றது.

சிவப்பு, விடுதலைக்காக உயிர் நீத்தவர்களின் குருதியைக் குறிப்பது. பொன்னிறம், நாட்டுக்குப் பழம்பெயரைத் தந்த பொன் முதலிய கனிச்செல்வத்தைக் குறிப்பது. பச்சை, அடர்ந்த காடுகளையும் வளமான விளைநிலங்களையும் குறிப்பது. கறுப்பு விண்மீன், ஆப்பிரிக்க மக்களின் விடுதலைக்கு வழிகாட்டும் மீனாகும். 1919ஆம் ஆண்டில் ஜமைக்கா நாட்டவரான மார்க்கஸ் கார்வி என்பவர், கறுப்பின மக்களின் முன்னேற்றங் கருதி அமெரிக்காவில் தொடங்கிய கப்பல் கம்பெனிக்குக் ‘கறுப்பு விண்மீன்’ என்றே பெயர் சூட்டியிருந்தார். கானாவின் விண்மீன் அந்த எண்ணத்தையும் நினைவூட்டுகின்றது. அந்நாட்டுக் கால்பந்துக் குழுவினரும் ‘கறுப்பு விண்மீன்கள்’ என்றே அழைக்கப்படுகின்றனர்.

பச்சை, மஞ்சள், சிவப்பு என்னும் இம்மூன்று நிறங்களும் நெடுங்காலம் தன்னுரிமை காத்து நின்ற எத்தியோப்பிய நாட்டுக் கொடியின் நிறங்கள். கானாவுக்குப் பின்னர் விடுதலை பெற்ற கினி, மாலி, செனகல் முதலிய நாடுகளும் இந்நிறங்களையே மேற்கொண்டன.

கேடயத்தின் பொருள்

நாட்டின் இலச்சினையை அமைத்தவர் ஆமன் கோட்டே (1915–2011) என்னும் ஓவியர். பொன் விளிம்புடைய பச்சைச் சிலுவை கேடயத்தை நான்கு கட்டங்களாகப் பிரிக்கின்றது. சிலுவையின் நடுவிலுள்ள பொற்சிங்கம் காமன்வெல்த்து நாடுகளோடுள்ள தொடர்பைக் காட்டுவது.

முதற் கட்டத்தில் ஒரு வாளும் ஒரு கோலும் குறுக்காக அமைந்துள்ளன. அக்கான் மன்னர்கள் அவையோரிடம் நேரே பேசுவதில்லை. ‘ஒக்கியாமே’ என்னும் அவைப்பேச்சாளரே மன்னர் சொல்லை மக்களுக்கும், மக்கள் சொல்லை மன்னருக்கும் எடுத்துரைப்பார். அவர் கையிலுள்ள கோலே இங்குப் பொறிக்கப்பட்டது. இது ஊர்தோறும் நடைபெறும் ஆட்சிக்கு அறிகுறி. இத்தகைய கோல்கள் சிலவற்றின் உச்சியில், முட்டையைப் பற்றிய கை ஒன்றைச் செதுக்குவது வழக்கம். அதிகாரம் முட்டை போன்றது. இறுக்கிப் பிடித்தால் நொறுங்கும், தளரப் பிடித்தால் விழுந்து உடையும் என்பது அதன் கருத்து.

இரண்டாங் கட்டத்தில் கடலின்மேல் ஒரு கோட்டை காணப்படுகின்றது. இது அக்ராவிலுள்ள ஓசு கோட்டை; விடுதலையின்போது அரசாங்கத்தின் இருப்பிடமாக விளங்கியமையால் நடுவண் ஆட்சியைக் குறிக்கின்றது. பதினேழாம் நூற்றாண்டில் டென்மார்க்கு நாட்டார் கட்டிய இக்கோட்டையிலிருந்து எண்ணற்ற மக்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். 1948ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள், உலகப் போரில் பணிபுரிந்து திரும்பிய வீரர்கள் தங்கள் குறைகளை விண்ணப்பித்துக்கொள்ள இக்கோட்டையை நோக்கியே நடந்து வந்தனர். அவர்கள்மேல் துப்பாக்கிப் பிரயோகம் நிகழ்ந்தது, மூவர் மாண்டனர். ஆதலின் கொடியின் சிவப்பும் கேடயத்தின் கோட்டையும் ஒன்றையொன்று அறிந்தவை. துன்பத்தின் இடமாக இருந்ததை மக்கள் தமது ஆட்சியின் சின்னமாக ஆக்கிக்கொண்டனர்.

மூன்றாங் கட்டத்தில் கோக்கோ மரமும், நான்காங் கட்டத்தில் பொற்சுரங்கமும் உள்ளன. கேடயத்தின் உச்சியில் கறுப்பு விண்மீன் நிற்கின்றது. இருபுறமும் இரண்டு பொற்கழுகுகள் கேடயத்தைத் தாங்குகின்றன. அடியில் ‘விடுதலையும் நீதியும்’ என்னும் பொருளுடைய வாசகம் எழுதப்பட்டுள்ளது.

கோக்கோ மரத்தின் வரலாறு

கோக்கோ அந்நாட்டுக்குரிய மரமன்று. டெட்டே குவாஷி என்னும் தொழிலாளி, 1879ஆம் ஆண்டில் பெர்னாண்டோ போ தீவிலிருந்து கோக்கோ விதைகளைக் கொணர்ந்து மாம்பாங்கு என்னும் ஊரில் பயிரிட்டார் என்பர். சிறு விவசாயிகள் அதனைக் காடுதோறும் பரப்பினர். 1911ஆம் ஆண்டளவில் கோக்கோ விளைச்சலில் உலகிலேயே அந்நாடு முதலிடம் பெற்றது.

எனினும் விளைவித்தவர் கையில் விலை இல்லை. 1937ஆம் ஆண்டில் ஐரோப்பிய வாணிபக் கம்பெனிகள் தமக்குள் உடன்படிக்கை செய்துகொண்டு கொள்முதலில் போட்டியை ஒழிக்க முற்பட்டன. அப்பொழுது விவசாயிகள் ஒற்றுமையாக நின்று, மறு ஆண்டு வரையில் கோக்கோவை விற்க மறுத்தனர். ஐரோப்பியச் சரக்குகளையும் வாங்காது விடுத்தனர். இவ்வுறுதியைக் கண்ட பிரிட்டிஷ் அரசாங்கம் விசாரணைக் குழு ஒன்றை அமைக்க நேர்ந்தது.

விடுதலைக்குப் பின்னரும் ஒரு சோதனை வந்தது. 1920களின் இறுதியிலிருந்தே அங்குக் கோக்கோக் கூட்டுறவுச் சங்கங்கள் வளர்ந்து வந்தன. 1961ஆம் ஆண்டில், ஆளுங்கட்சியைச் சார்ந்த விவசாயிகள் மன்றம் ஒன்றுக்கே கொள்முதல் உரிமை முழுவதும் அளிக்கப்பட்டது. அதனால் சங்கங்கள் அவ்வுரிமையை இழந்தன. கேடயத்தில் கோக்கோ மரம் இருந்தது. அதனை வளர்த்தவர்களின் சங்கத்துக்குத்தான் இடமில்லாமற் போயிற்று. பின்னர், 1993ஆம் ஆண்டில் விவசாயிகள் மீண்டும் ஒன்றுகூடி ‘குவாப்பா கோக்கூ’ என்னும் கூட்டுறவு அமைப்பை நிறுவினர். ‘நல்ல கோக்கோ விவசாயி’ என்பது அப்பெயரின் பொருள். 1998ஆம் ஆண்டில், லண்டனில் தொடங்கப்பெற்ற சாக்லேட்டுக் கம்பெனி ஒன்றில் அவ்வமைப்பினர் பங்குதாரர்களும் ஆயினர்.

மாறிய நிறமும் மாறிய பெயரும்

1964ஆம் ஆண்டில் கானா ஒரு கட்சி நாடாயிற்று. கொடியின் பொன்னிறம் நீக்கப்பட்டு வெண்மை இடம்பெற்றது. சிவப்பு, வெள்ளை, பச்சை என்பவை ஆளுங்கட்சிக் கொடியின் நிறங்கள். 1966ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் குடியரசுத் தலைவர் குவாமே நிக்ரூமா பதவியினின்று நீக்கப்பட்டவுடன், பழைய பொன்னிறமே திரும்பி வந்தது.

அதே காலத்தில் தறியிலும் ஒரு மாறுதல் நிகழ்ந்தது. அசாந்தி, எவே மக்கள் நெய்யும் ‘கென்டே’ துணி புகழ் வாய்ந்தது. நெசவாளர் ஏறத்தாழ நான்கு அங்குல அகலமுள்ள நீண்ட பட்டைகளாக நெய்து, அவற்றை விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தைத்துப் பெருந்துணியாக்குவர். குமாசி நகரை அடுத்த போன்வயர் என்னும் ஊர் இந்நெசவுக்குப் பெயர் பெற்றது. அங்கு ஒவ்வொரு கோலத்துக்கும் ஒரு பெயருண்டு. நிக்ரூமா 1957ஆம் ஆண்டில் எகிப்து நாட்டுப் பெண்ணான பாத்தியாவை மணந்தார். அதனைப் போற்றி, ‘பாத்தியா நிக்ரூமாவுக்கு ஏற்றவள்’ எனும் பொருள்படும் பெயர் ஒரு கோலத்துக்கு வழங்கிற்று. அவர் ஆட்சி வீழ்ந்த பின்னர் அதே கோலத்துக்கு, ‘ஒருவரே நாட்டை ஆள்வதில்லை’ எனும் பொருளுடைய பெயர் வந்தது. பாவும் ஊடையும் மாறவில்லை. பெயர் மட்டுமே மாறிற்று. 2024ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் கென்டே நெசவை மனித குலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்துச் சிறப்பித்தது.

ஒரு கட்சி தன் நிறத்தை நாட்டுக் கொடியில் ஏற்றியபோது, அது இரண்டாண்டுகளே நிலைத்தது. பலருடைய உழைப்பையும் உயிரையும் குறித்த நிறங்களோ இன்றளவும் நிலைத்துள்ளன. நம் சங்கங்களுக்கும் முத்திரை உண்டு, கொடியும் உண்டு. அவற்றிலுள்ள சின்னம் யாருடைய உழைப்பைக் குறிக்கின்றதோ, அவருக்குச் சங்கத்தின் வரவுசெலவிலும் முடிவுகளிலும் உரிய இடம் இருத்தல் வேண்டும். கோக்கோ மரத்தின் வரலாறு நமக்கு உணர்த்துவது இதுவே.