எண்ணுக்கு யார் உரை எழுதுவது?

‘கிளஸ்டர்’ என்ற சொல் வடசென்னைக்கு அரசுக் கோப்பு வழியாக வந்தது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் நாடெங்கும் 88 தொழிற்கிளஸ்டர்களை அளந்து மதிப்பெண் போட்டபோது மணலிக்குக் கிடைத்தது 76.32. எழுபதைத் தாண்டினால் ‘மிகக் கடுமையாக மாசுபட்டது’ என்று பொருள். கணினிக்காரர்களுக்கோ கிளஸ்டர் என்பது ஒன்றாய்க் கட்டி ஒரே யந்திரம்போல வேலைவாங்கப்படும் கணினிக் கூட்டம். இரண்டு இடத்திலும் கண்காணிப்புக் கருவி உண்டு, எண் உண்டு, எல்லை தாண்டினால் எச்சரிக்கை உண்டு. அந்த எண்ணை முதலில் வாசிக்கும் வேலை இப்போது ஏஐ ஏஜென்டிடம் போய்க்கொண்டிருக்கிறது. ஏஜென்ட் என்றால், மொழி மாதிரி ஒன்று தானே கட்டளை கொடுத்து, வந்த பதிலைப் படித்து, அடுத்த அடியை எடுத்து வைக்கிற மென்பொருள். அதற்குக் கையேடு எழுதுவது டெக்னீஷியன் சமாச்சாரம் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது.

2023 டிசம்பர் 26, நள்ளிரவுக்குச் சற்று முன்பு, எண்ணூர் பெரியகுப்பத்தில் கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலையின் கடலடி அமோனியாக் குழாயில் கசிவு. மூச்சு முட்டுது, கண்ணு எரியுது என்று ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். பலர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்ன எண்கள் இவை: ஆலையருகே காற்றில் கனமீட்டருக்கு 2090 மைக்ரோகிராம், வரம்பு 400. கடல்நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம், வரம்பு 5.

அந்த 400ஐக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 2009ஆம் ஆண்டுத் தேசியக் காற்றுத்தர விதியில் அது 24 மணிநேரச் சராசரிக்கான வரம்பு. வருஷச் சராசரிக்கு 100. மூச்சுத் திணறிய சில மணிநேரத்தை ஒரு நாள் முழுக்கப் பரப்பிச் சராசரி போட்டால் எண் தணிந்துவிடும்; திணறியவர் நெஞ்சு தணியாது. ‘வரம்பு 400’ என்று மட்டும் எழுதிய கையேடு பொய் சொல்லவில்லை, வாசகனைப் பொய்க்கு அனுப்பிவைக்கிறது. எத்தனை நேரச் சராசரி, எந்த இடம், என்ன அலகு என்பதெல்லாம் அடிக்குறிப்பு அல்ல. அவை எண்ணின் மறுபாதி.

மனித வாசகனுக்கு இந்த மறுபாதி வேறு வழியில் கிடைத்துவிடும். ஷிப்ட் மாறும்போது பழைய ஆள் சொல்வார்: “அந்த மீட்டர் மழை பெஞ்சா ஏறும், கண்டுக்காதே.” ஏஜென்டுக்கு டீக்கடை கிடையாது. ஆசிரியன் இறந்துவிட்டான் என்று பார்த்தை வைத்துத் தொண்ணூறுகளில் நம் பத்திரிகைகள் எழுதித் தள்ளியது இங்கே அட்சரசுத்தமாக நடக்கிறது: பிரதியைத் தவிர அதன் கையில் வேறொன்றும் இல்லை. அதுவும் பெரும்பாலும் முழுப் பிரதி அல்ல, தேடலில் சிக்கிய ஒரு துண்டு. ‘மேலே சொன்னபடி’ என்ற வாக்கியம் அந்தத் துண்டில் செத்துப்போகும். இடைவெளி இருந்தால் அது சும்மா நிற்பதில்லை. நம்பும்படியாக ஒன்றைப் புனைந்து நிரப்பிக்கொள்ளும். நம் விமர்சகர்கள் சிலரும் அப்படித்தான் என்பது வேறு விஷயம்.

இன்னும் சிக்கலானது மௌனம். கணினிக் கிளஸ்டர்களைக் கண்காணிக்கப் பரவலாகப் புழங்கும் பிரொமிதியஸ் என்ற கருவியில் ‘அப்’ என்றொரு அளவு உண்டு. அது 1 என்றால் எல்லாம் சுகம் என்று படிக்கத் தோன்றும். அப்படியில்லை, கருவி போய்க் கேட்டது, பதில் வந்தது, அவ்வளவுதான். ‘வெப்பம் 80ஐத் தாண்டினால் கூவு’ என்று விதி எழுதி வைத்திருக்கிறோம். வெப்பமானியே செத்துப்போனால்? தரவே இல்லை, ஆகவே எதுவும் தாண்டவில்லை, ஆகவே கூவாது. தரவு வராமல் போவதற்கென்றே தனி விதி எழுதவேண்டும். நம் காற்றுத்தரக் குறியீடும் குறைந்தது 16 மணிநேரத் தரவு இல்லாவிட்டால் கணக்கிடப்படுவதில்லை. கரண்ட் போன நாளின் காலிக் கட்டத்தை ‘பிரச்சினை ஏதுமில்லை’ என்று ஏஜென்ட் அறிக்கை எழுதினால் குற்றம் அதனுடையது மட்டுமல்ல. ‘காலி என்றால் தெரியாது, பூஜ்யம் அல்ல’ என்ற ஒரு வரியை எழுதாமல் விட்டவருடையதும்தான்.

அப்புறம் செயல். ‘பொருத்தமான நடவடிக்கை எடுக்கவும்’ என்பது அலுவலக மொழி. பொறுப்பை யார் தலையிலும் ஏற்றாத மொழி. ஏஜென்டுக்கு இப்படி எழுதவேண்டும்: “இது அமோனியா, ஒரு மணிநேரச் சராசரி, ஆலை வாசல் கருவி. கடற்கரைப் பக்கக் காற்றை இது அளக்காது. எண் ஏறினால் இரவுப் பொறுப்பாளரைக் கூப்பிடு. கருவியை நீயாக மறுதொடக்கம் செய்யாதே, பழைய பதிவை அழிக்காதே.” கருவி எதைப் பார்ப்பதில்லை, ஏஜென்ட் எதைத் தொடக்கூடாது என்ற இந்த இரண்டு மறுப்பையும்தான் கையேடுகள் வழக்கமாக முழுங்கிவிடுகின்றன.

அதிகம் மாசுபடுத்தும் 17 வகை ஆலைகள் தொடர் கண்காணிப்புக் கருவி வைக்கவேண்டும் என்று 2014இல் உத்தரவு வந்தது. அந்த எண்கள் பொதுவெளியில் தெரியவேண்டும் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எண் வெளியே வருவது ஒன்று, உரையோடு வருவது வேறு. ஏஜென்ட் தடுமாறாமல் படிக்கும்படி எழுதிய பக்கத்தை, தமிழிலும் போட்டால், திருவொற்றியூரில் இருக்கிற பெண்ணும் படித்துக் கேள்வி கேட்கமுடியும். இருவருக்கும் ஒரே குறைதான்: உள்ளே வேலை பார்த்தவர் யாரும் பக்கத்தில் இல்லை. அந்தப் பக்கத்தில் இன்னொரு பத்தியையும் சேர்க்கச் சொல்வேன்: ஜனங்கள் வாடை அடிக்குது என்று சொன்ன நேரம், கருவி முதலில் எண் காட்டிய நேரம், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்.