பாட்டியின் பீரோவும் பிரெஞ்சு கிராமத்து ஆசாரிகளும்

போன மாசம் ஆரல்வாய்மொழி வீட்டைக் காலி செய்தோம். பாட்டிக்குக் கல்யாணச் சீராக வந்த மர பீரோ வாசலில் நுழையவில்லை. பழைய சாமான் வியாபாரி, "உடைச்சுத்தான் எடுக்கணும்" என்றார். ஊர் ஆசாரி வந்து தடவிப் பார்த்தார். "உடைக்காண்டாம் மக்கா. இதுல ஒரு இரும்பாணி கிடையாது. மர ஆணியத் தட்டினா தனித்தனியா வந்துரும். அயினி மரமாக்கும்."

அன்று ராத்திரி 'பீரோ' எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். மூலம் பிரெஞ்சு. முதலில் எழுதும் மேசைமேல் விரிக்கும் முரட்டுக் கம்பளித் துணிக்குப் பெயர், பிறகு மேசைக்கு, பிறகு அலுவலகத்துக்கு. நம்மிடம் வந்து துணி வைக்கும் பெட்டியாகிவிட்டது! அலமாரியோ போர்ச்சுக்கீசியர் தந்த சொல்.

தேடல் அப்படியே 'பிரெஞ்சு கன்ட்ரி' பாணிக்கு இழுத்துப் போனது. பதினைந்தாம் லூயி காலத்தில் (1715–1774) பாரிஸில் வளைந்த கால்கள், பொன்முலாம் பூசிய வெண்கல அலங்காரங்கள் என்று மரச்சாமான்கள் ஜொலித்தன. கிராமத்து ஆசாரிகள் அந்த வளைவை மட்டும் எடுத்துக்கொண்டு, பொன்னை விட்டுவிட்டார்கள். மரம் உள்ளூரில் கிடைத்ததுதான்: நார்மண்டியில் ஓக், புரோவான்ஸில் வால்நட். நாற்காலிக்குக் கோரைப்புல் இருக்கை. ரொட்டி வைக்க, காற்றுப் புகும் சுவர்ப்பெட்டி. நம்ம உறி மாதிரி என்று வையுங்கள். பாரிஸில் புது வெர்ஷன் வந்த பிறகும், கிராமங்களில் பழைய வெர்ஷன் 19ஆம் நூற்றாண்டு வரை ஓடியது.

நார்மண்டியில் மணப்பெண்ணுக்குப் பெரிய அலமாரி சீராகப் போகும். கதவில் ஜோடிப் புறா, பூக்கூடை செதுக்கியிருப்பார்கள். அதுவும் மர ஆணியில் நிற்பதுதான். கழற்றி வண்டியில் ஏற்றலாம்.

புதுச்சேரியிலும் இப்படியொரு மாற்றம் நடந்தது. உருவம் ஐரோப்பாவுடையது, மரம் தேக்கும் ஈட்டியும், வெக்கைக்கு மெத்தைக்குப் பதில் பிரம்புப் பின்னல். அங்குள்ள அருங்காட்சியகத்தில் பிரெஞ்சுக் காலச் சாமான்களைப் பார்க்கலாம்.

எங்க பீரோவுக்கும் பிரான்ஸுக்கும் உறவு இருப்பதாகச் சொல்ல வரவில்லை. கிடைத்த மரத்தில், வீட்டுத் தேவைக்கு, பெண்ணோடு பயணம் போகிற மாதிரி செய்வது என்ற யோசனை இரண்டு ஊர் ஆசாரிகளுக்கும் வந்திருக்கிறது. அவ்வளவுதான்.

பீரோவை விற்கவில்லை. எந்த ஆணி எந்தத் துளைக்கு என்று ஆசாரி சாக்பீஸால் எண் போட்டிருக்கிறார். அவர் மகன் பிளைவுட் வேலைதான் செய்கிறான். அதனால், மறுபடி பூட்டும்போது வீடியோ எடுத்து வைக்கப் போகிறேன்.