உங்களுக்குத் தெரியுமா? டயர் மாறினால் மைலேஜ் கணக்கும் மாறும்

அமெரிக்கப் பிக்கப் டிரக்குகளில் பரவலாக வரும் 265/70 ஆர்17 டயரின் விட்டம் சுமார் 803 மி.மீ. அதைக் கழற்றிவிட்டு 285/70 ஆர்17 மாட்டினால் 831 மி.மீ. ஆகிவிடும். சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதல் தூரம் போகும். மீட்டருக்கோ அது தெரியாது. அது 100 கி.மீ. காட்டும்போது வண்டி உண்மையில் ஏறக்குறைய 103.5 கி.மீ. ஓடியிருக்கும். இதைத் திருத்தாமல் மைலேஜ் பார்த்தால், நடக்காத நஷ்டமும் கணக்கில் ஏறிவிடும்.

நிஜமான நஷ்டமும் உண்டு. வண்டி வேகமெடுக்கும்போது டயரை முன்னே நகர்த்தவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும். அதனால் ரோட்டைத் தொடும் பட்டையில் கூடும் 1 கிலோ, பின்னால் ஏற்றிய கிட்டத்தட்ட 2 கிலோ சரக்குக்குச் சமம். சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பும் நகர ஓட்டத்தில்தான் இது கையைக் கடிக்கும். நெடுஞ்சாலையில் சீராகப் போகையில் எடை பெரிதில்லை. பெரிய டயர் முரட்டு பட்டன் வகையாக இருந்தால் அதன் உருளல் தடையும், உயர்ந்துவிட்ட வண்டியில் மோதும் காற்றும்தான் எரிபொருளைக் குடிக்கும். சேற்றிலோ பாறையிலோ இறங்காத வண்டிக்கு அந்த டயர் வீண் செலவு.

டயரின் காற்றழுத்தத்தையும் கவனியுங்கள்: நான்கு டயரிலும் சராசரியாக 1 பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் இறங்கும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை.