இரண்டாவது தலைக்கு என்ன செலவு?

42 என்ற எண்ணை யாராவது டி-ஷர்ட்டிலோ, புரோகிராமுக்கு நடுவிலோ போட்டிருப்பதைப் பார்த்திருப்பீங்க. வாழ்க்கை, பிரபஞ்சம் எல்லாவற்றுக்கும் அதுதான் விடை என்று சொல்லி உலகத்தைச் சிரிக்க வைத்தவர் டக்ளஸ் ஆடம்ஸ். 'தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி' அவருடையது. நாவல்னுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனா அது முதலில் வந்தது பிபிசி ரேடியோ 4-இல், 1978 மார்ச் 8 இரவு. புத்தகம் 1979-ல், டிவி தொடர் 1981-ல். ஒரே ஆள் ஒரே கதையை மூன்று தடவை எழுதியதால், எந்த ஊடகம் எழுத்தாளரிடம் எதைக் கேட்கும் என்று இதில் நல்லா புரியும்.

கதையில் ஸாஃபோட் என்பவனுக்கு ரெண்டு தலை. ரேடியோவில் அது ஒரு வரி வசனம். கேட்கிறவங்க மனசே மீதியைச் செய்துவிடும், செலவு பூஜ்யம். டிவிக்கு வந்ததும் அந்த ஒரு வரிக்காக மோட்டார் வைத்த பொம்மைத் தலை செய்து நடிகரின் தோளில் மாட்டினாங்க. அது பாதி நேரம் ஒழுங்கா அசையவே இல்லை! வேடிக்கை என்னன்னா, அதே தொடரில் 'கம்ப்யூட்டர் திரை' என்று நாம் நம்புவது முழுக்க கையால் வரைந்த அனிமேஷன்.

எழுதும்போது சிக்கிக்கொண்டால் என்ன செய்வது? ஆடம்ஸ் தன் நாயகர்களை விண்கலத்திலிருந்து வெற்று வெளியில் தூக்கிப் போட்டுவிட்டார். அவங்க பிழைக்க வாய்ப்பே கிடையாது, எப்படிக் காப்பாற்றினாலும் நம்ப முடியாது. அப்போ டிவியில் ஜூடோ நிகழ்ச்சி ஒன்று பார்த்தாராம். எதிராளியின் எடையையே அவனுக்கு எதிராகத் திருப்புவதுதானே ஜூடோ? நம்ப முடியாததுதான் பிரச்சினைன்னா அதையே தீர்வாக்கு என்று, 'சாத்தியமின்மை'யில் ஓடும் விண்கலத்தை உருவாக்கினார். நம்ம லேபில் இப்படி யோசிச்சா அரியர் குறையும்னு தோணுது.

தொழிலின் கசப்பான பக்கமும் இதில் இருக்கு. 'டாக்டர் ஹூ' டிவி தொடருக்கும் எழுத வேண்டியிருந்ததால் ஆடம்ஸுக்கு நேரம் போதவில்லை. கடைசி இரண்டு ரேடியோ பகுதிகளை நண்பர் ஜான் லாய்டோடு சேர்ந்து எழுதினார். புத்தகத்தையும் சேர்ந்தே எழுதுவதாகப் பேச்சு. பிறகு, தனியாகவே எழுதப்போகிறேன் என்று ஆடம்ஸ் ஒரு கடிதம் அனுப்பிவிட்டார். லாய்டுக்குப் பெரிய அடி. ஏஜென்ட் வைத்துப் பேசி முன்பணத்தில் பாதியை வாங்கினார். ஆடம்ஸ் பக்கம் நியாயம் இருக்கலாம், உலகம் அவருடையதுதான். ஆனா சேர்ந்து வேலை செய்யும்போதே யாருக்கு எவ்வளவு என்று பேசாமல் விட்டதுதான் எனக்கு உறுத்துது. ஃபைனல் இயர் புராஜெக்ட் டீமில் இருக்கிறவங்களுக்கு இது புரியும்.

அந்தப் புத்தகம் திடீர்னு முடிவதாகத் தோன்றினால் காரணம் இருக்கு: கெடு எப்பவோ தாண்டிவிட்டது, எழுதுகிற பக்கத்தோடு முடித்துக் கொடு என்று பதிப்பகம் சொல்லிவிட்டதாம். நான்காவது நாவலுக்கு எடிட்டர் சன்னி மேத்தா ஒரு ஹோட்டலில் அறை எடுத்து, கூடவே காவல் உட்கார்ந்து எழுத வைத்தார்.

லாய்டு பிறகு 'பிளாக்ஆடர்' தொடரின் தயாரிப்பாளராகப் பெயர் வாங்கினார். 1983-ல் ஆடம்ஸும் அவரும் மறுபடி சேர்ந்து ஒரு புத்தகம் போட்டாங்க: 'தி மீனிங் ஆஃப் லிஃப்'. அட்டையில் ரெண்டு பேர் பெயரும் இருக்கு.