'அ'வோடு அறுந்த முகவரி

"மாங்குளம் சந்தி பஸ் நேர அட்டவணை" என்று தலைப்புப் போட்டு வேர்ட்பிரஸில் ஒரு பக்கத்தைப் பதிவேற்றிப் பாருங்கள். ஏ9 வீதியிலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்குப் போகும் ஏ34 வீதி பிரிகிற சந்தி அது. வவுனியாவிலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் வருகிறவர்கள் பஸ் மாறுகிற இடம். அப்படியொரு பக்கம் இருந்தால் நாலு பேருக்கு உதவும். பக்கம் ஒழுங்காகவே வரும். ஆனால் அதன் முகவரியைப் பார்த்தால் "மாங்குளம்-சந்தி-பஸ்-நேர-அ" என்று நிற்கும். மிச்ச எழுத்துகளைக் காணோம். அடுத்த கிழமை "மாங்குளம் சந்தி பஸ் நேர அறிவித்தல்" என்று இன்னொன்று போட்டால் அதற்கும் அதே 'அ'தான். இரண்டும் மோதாமலிருக்க மென்பொருள் வாலில் ஒரு 2 ஒட்டிவிடும். எது அட்டவணை, எது அறிவித்தல் என்று முகவரியை வைத்துச் சொல்ல முடியாது.

காரணம் வெறும் கணக்கு. பக்கத்தின் பெயருக்கென்று வேர்ட்பிரஸ் முகவரியில் ஒதுக்கியிருப்பது 200 இடம். ஆங்கிலத்துக்கு அது தாராளம். யூனிகோடில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட் பிடிக்கும். முகவரிக்குள் போகும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக விரியும். ஆக, ஒரு தமிழ்க் குறிக்கு 9 இடம். "மாங்குளம்" நமக்கு 5 எழுத்து. கணினிக்கு அரவு வேறு, உகரக் குறி வேறு, குற்று வேறு என்பதால் 9 குறி, முகவரியில் 81 இடம். ஊர்ப் பெயரே ஐந்தில் இரண்டு பங்கை விழுங்கிவிடுகிறது. இடைக்கோடே இல்லாமல் நெருக்கி எழுதினாலும் 22 குறிக்கு மேல் போகாது.

தீர்வு மிகச் சின்னது. பக்கத்தை வெளியிடுமுன், முகவரிக்கான பெட்டியில் இரண்டு மூன்று சொல்லை ஆங்கில எழுத்தில் கையால் போட்டுவிடுங்கள். தலைப்பும் உரையும் தமிழில் இருக்கட்டும். தமிழ்ப் பக்கத்துக்கு ஆங்கில முகவரியா என்று யாரும் கோபித்தால், தமிழ் முகவரியை ஒருமுறை வாட்ஸ்அப்பில் ஒட்டிக் காட்டலாம். பெரும்பாலும் வந்து விழுவது சதவீதக் குறிகளாலான நீண்ட குப்பை. அதைப் பார்த்தால் மோசடி இணைப்பென்று நினைத்து யாரும் அழுத்த மாட்டார்கள்.

வேர்ட்பிரஸ், துருபல், ஜூம்லா, மீடியாவிக்கி எல்லாம் ஒரே குடும்பம். பாடப்புத்தகப் பாணியில் சொன்னால் உள்ளடக்க முகாமைத்துவ முறைமை. பெல்ஜிய மாணவர் திரீஸ் பய்டார்ட் துருபலை வெளியிட்டது 2001 ஜனவரியில். மாட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் வேர்ட்பிரஸைத் தந்தது 2003 மேயில். அதற்கு முந்திய காலத்தில் இணையத்தளம் என்றால் கோப்புகளின் அடுக்கு. பாடசாலைக்குப் புது அதிபர் வந்தால் அவர் பெயரை நாற்பது கோப்பில் திருத்த வேண்டும். புதிய முறையில் எழுத்து ஒரு தரவுத்தளத்தில் கிடக்கும், தோற்றம் தனியாக ஒரு வார்ப்புருவில் இருக்கும். யாராவது பக்கத்தைக் கேட்கும்போது இரண்டும் சேர்ந்து உருவாகும். எழுத்தும் தோற்றமும் பிரிந்து நிற்பதுதான் இதிலுள்ள முழு விசேஷம். தளம் செய்கிறவர்கள் படுகிற பாடுகளில் பாதி, அந்தப் பிரிவைத் தெரியாமல் குழப்பிவிடுவதால் வருவது.

உதாரணத்துக்குப் பக்கம் கட்டுகிற பிளகின்கள், அதாவது மென்பொருளோடு ஒட்டிக்கொள்கிற துணை நிரல்கள். இழுத்துப் போட்டு அழகாக அடுக்கலாம், வாடிக்கையாளருக்கும் பிடிக்கும். ஆனால் அவற்றில் சில, எழுத்தின் நடுவே தமக்கு மட்டும் விளங்குகிற சதுர அடைப்புக்குறிக் கட்டளைகளைச் செருகி வைக்கும். மூன்று வருடம் கழித்து உரிமக் கட்டணம் கட்ட ஆளில்லாமல் பிளகினை நிறுத்தினால், விளையாட்டுப் போட்டிச் செய்திக்குள் அடைப்புக்குறிகள் பல்லை இளிக்கும். வெளிநாட்டுப் பழைய மாணவர் சங்கம் காசு சேர்த்துச் செய்து கொடுக்கிற தளங்களுக்கு இந்த ஆபத்து அதிகம், ஏனெனில் முதல் வருடக் காசு வருகிற வேகத்தில் நாலாம் வருடக் காசு வராது. எளிய வார்ப்புருவும் வெறும் பத்தியும் படமும் போதும் என்பது என் கட்சி.

இனி எங்களுக்கே உரிய ஒரு தலைவலி. ஈழத்தில் தமிழ்த் தட்டச்சு என்றால் நெடுங்காலம் பாமினி எழுத்துருதான். பாமினியில் "தமிழ்" என்று தட்டினால் திரையில் தமிழ் தெரியும். கோப்புக்குள் இருப்பதோ ஜே, கே, பி, ஓ என்ற நாலு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். எழுத்துரு மட்டும் அவற்றுக்குத் தமிழ் வேஷம் கட்டுகிறது. அந்த உரையை அப்படியே தளத்தில் ஒட்டினால், எழுத்துரு இல்லாத கைப்பேசியில் வேஷம் கலைந்துவிடும். அதைவிட மோசம், தேடுபொறிக்கு அது தமிழாகவே தெரியாது. பாமினியில் தட்டிய அறிவித்தலைப் பிடிஎஃப் ஆக்கித் தொங்கவிட்டாலும் கதை அதுதான். கண்ணால் வாசிக்கலாம், தேடினால் வராது.

மாற்றுவதற்குக் கருவிகள் உண்டு. யேர்மனியில் வாழும் சுரதா யாழ்வாணன் செய்த 'பொங்குதமிழ்' மாற்றியால் எத்தனையோ ஆயிரம் பக்கங்கள் யூனிகோடுக்கு வந்து சேர்ந்திருக்கும். மாற்றி செய்கிற வேலை எழுத்துக்கு எழுத்து மாற்றுவது மட்டுமல்ல. "கொ" என்பதைப் பாமினி கண்ணுக்குத் தெரிகிற வரிசையில், முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு ககரம், பிறகு அரவு என்று வைத்திருக்கும். யூனிகோடுக்கு ககரம் முதலில் வர வேண்டும், அதன் பின்னால் ஒகரக் குறி. ஆகவே மாற்றி வரிசையையும் புரட்டிப் போட வேண்டும்.

இங்கேதான் "கிளிநொச்சி" மாட்டிக்கொள்கிறது. "நொ" என்பதை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். நகரத்துக்குப் பின் ஒகரக் குறி ஒன்றே ஒன்று, அல்லது நகரத்துக்குப் பின் கொம்பும் அரவும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், பூதக்கண்ணாடி வைத்தாலும் வித்தியாசம் தெரியாது. உள்ளே இருக்கும் எண்கள் வேறு. இடையில் எந்த மென்பொருளும் இரண்டையும் ஒன்றாக்காவிட்டால் ஒரு கிளிநொச்சியைத் தேடுகிறவருக்கு மற்றக் கிளிநொச்சி அகப்படாது. மீடியாவிக்கி சேமிக்கும்போதே எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டு வந்துவிடும். வேர்ட்பிரஸ் பதிவின் உரையில் அப்படிக் கை வைப்பதில்லை. "கௌரவ" என்று எழுத வேண்டிய இடத்தில் கொம்பும் ளகரமுமாக "கெளரவ" என்று தட்டுவது இதைவிடப் பரவலான வியாதி. ஒரே வடிவமாக்குகிற எந்த மென்பொருளும் அதைத் திருத்தாது, ஏனென்றால் அது உண்மையிலேயே வேறு எழுத்து. பழைய உரைகளைத் தளத்தில் ஏற்றுமுன் ஊர்ப் பெயர்களையும் பதவிப் பெயர்களையும் ஒருமுறை தேடி மாற்றுவது அரை மணி நேர வேலை.

இதையெல்லாம் பெரிய அளவில் யோசித்துச் செய்த ஒரு தமிழ்த் தளத்தைச் சொல் என்றால் நான் 'நூலகம்' திட்டத்தைத்தான் சொல்வேன். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 97,000 நூல்கள் வரை எரிந்த ஞாபகம் மாறாத சமூகத்தில், 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கியது அது. பக்கங்கள் மீடியாவிக்கியில் ஓடுகின்றன. ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு நூலக எண் உண்டு. ஆசிரியர், மொழி, வெளியீட்டாளர், வெளியீட்டாண்டு, பக்கங்கள் என்று எல்லாப் பக்கத்திலும் ஒரே களங்கள். வருகைகளை ஈர்க்கிற வேலைப்பாடு எதுவும் கிடையாது. என் கண்ணுக்குப் பட்ட கெட்டித்தனம் இன்னொரு இடத்தில் இருக்கிறது. வருடிய பிடிஎஃப் கோப்புகள் விக்கிக்குள் இல்லை. வேறொரு முகவரியில், நூறு நூறாகப் பிரித்த உறைகளில், தங்கள் எண்ணையே பெயராகக் கொண்டு கிடக்கின்றன. விக்கியை நாளைக்கே தூக்கி எறிந்து வேறு மென்பொருள் போட்டாலும் கோப்புகளின் முகவரி அசைய வேண்டியதில்லை. தமிழ்த் தலைப்பின் நீளம், எழுத்துப் பிழை, நகரம் னகரம் என்ற எந்தச் சண்டையும் அந்த எண்ணைத் தொடாது.

அதே நிறுவனத்தின் பல்லூடகக் களஞ்சியமான 'ஆவணகம்' வேறு விதமாகக் கட்டப்பட்டது. கனடாவின் பிரின்ஸ் எட்வேர்ட் தீவுப் பல்கலைக்கழகத்தில் 2006இல் பிறந்த ஐலண்டோரா என்ற மென்பொருள் அதற்கு அடித்தளம். ஐலண்டோரா துருபலுக்கு மேல் உட்கார்ந்திருப்பது. அங்கும் ஒவ்வொரு பொருளின் முகவரியிலும் ஓர் எண் இருக்கிறது. இது ஏன் முக்கியம் என்பதற்குத் துருபல் 7இன் ஆயுளைப் பார்த்தால் போதும். 2011 ஜனவரி 5 அன்று வெளியானது, 2025 ஜனவரி 5 அன்று அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. கணினி உலகில் பதினாலு வருடம் தீர்க்காயுள். ஒரு பாடசாலை வரலாற்றுக்கோ கிராமத்துக் கோயில் ஆவணத்துக்கோ அது ஒன்றுமேயில்லை. துருபல் 7இலிருந்து அடுத்த பதிப்புக்குப் போவது பொத்தானை அழுத்துகிற காரியமல்ல, வீட்டைக் கழற்றிப் புது வளவில் கட்டுகிற வேலை.

திருத்தங்களைப் பற்றி ஒரு இரவுக் கதை. 2014 அக்டோபர் 15ஆம் திகதி துருபல் 7இல் மிக மோசமான ஓட்டை ஒன்று அறிவிக்கப்பட்டது. கடவுச்சொல் எதுவுமின்றி, தரவுத்தளத்துக்கு நேரே கட்டளை அனுப்ப விடுகிற ஓட்டை. திருத்தமும் கூடவே வந்தது. இரண்டு கிழமை கழித்துத் துருபல் பாதுகாப்புக் குழு சொன்னது: அறிவித்த ஏழு மணி நேரத்துக்குள் திருத்தாத தளமெல்லாம் கைவிட்டுப் போய்விட்டதென்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஏழு மணி நேரம், இலங்கை நேரப்படி இரவு ஒன்பதரையிலிருந்து விடியப்புறம் நாலரை வரை. மாங்குளத்தில் யார் விழித்திருந்து திருத்தம் ஏற்றுவது? வேர்ட்பிரஸில் சிறு பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாகவே ஏறுகிற வசதி 2013 அக்டோபரில் வந்த 3.7 பதிப்பிலிருந்து இருக்கிறது. 2020இன் 5.5 பதிப்பிலிருந்து பிளகின்களுக்கும் அதை ஒரு சொடுக்கில் இயக்கலாம். "தானாக ஏறி ஏதாவது உடைந்துவிட்டால்?" என்று பயந்து அதை நிறுத்தி வைக்கிறவர்கள் உண்டு. முழுநேர ஆள் வைத்திருக்கிற நிறுவனத்துக்கு அந்தப் பயம் நியாயம். சின்னத் தளத்துக்கு உடைவது பரவாயில்லை, ஒரு பிரதி கையிலிருந்தால் சீர்செய்யலாம்.

பிரதி என்றதும் வன்னியில் விளக்கம் சொல்லத் தேவையில்லை. 2008, 2009 இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் தொலைத்துவிட்டு அதன் பிறகு வருடக்கணக்கில் கந்தோர் கந்தோராக அலைந்த சனம் இது. தளத்தின் பிரதியை அதே வழங்கியில் வைத்திருப்பது, உறுதியின் நகலை அதே வீட்டு அலுமாரியில் வைப்பது மாதிரி. இன்னொரு கணினியில் ஒன்று, இன்னொரு ஊரில் ஒன்று வேண்டும். எடுத்த பிரதியை ஒருமுறையாவது வேறிடத்தில் மீட்டுப் பார்க்கவும் வேண்டும். அப்போது தமிழுக்குப் பதிலாக, தலையில் கோடிட்ட ஆங்கில ஏயும் வட்டத்துக்குள் ஆரும் மாறி மாறி வந்தால் பதற வேண்டாம். பைட்டுகள் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும், தரவுத்தளம் அவற்றைத் தவறான குறியீட்டில் வாசிக்கிறது. மையெஸ்கியூஎல் தன் இயல்பான குறியீடாக லத்தீனையே நெடுங்காலம் வைத்திருந்து, 2018இல் 8.0 வந்தபோதுதான் மாற்றிக்கொண்டது. குறியீட்டைச் சரிசெய்தால் தமிழ் திரும்பும். வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்தால்தான் கவலை. அங்கே எழுத்து ஏற்கெனவே போய்விட்டது, வேறு பிரதியைத் தேட வேண்டும்.

படங்களைப் பற்றி நீட்டத் தேவையில்லை. ஆயிரம் குறி கொண்ட தமிழ் அறிவித்தல் ஏறத்தாழ 3 கிலோபைட். அதே அறிவித்தலைக் கைப்பேசியில் படம் பிடித்துப் போட்டால் 3 மெகாபைட், அதாவது ஆயிரம் மடங்கு. டேட்டா கார்ட் போட்டுப் பார்க்கிறவருக்கு அது காசு. பார்வையற்றவரின் கைப்பேசி அதை வாசித்துக் காட்டவும் மாட்டாது.

கடைசியாக, எந்த நூலிலும் பெரிதாகப் போடாத ஒன்று. நான் பார்த்த வரையில் ஊர்த் தளங்கள் செத்துப்போவது ஓட்டையாலோ எழுத்துருவாலோ அல்ல. தளத்தின் பெயரைப் பதிந்தவர் வெளிநாடு போய்விடுகிறார். புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் அவருடைய பழைய மின்னஞ்சலுக்குப் போகிறது. அந்த மின்னஞ்சலைத் திறக்கும் குறியீடு அவர் இங்கே பாவித்த, இப்போது வேறொருவர் கையிலுள்ள தொலைபேசி எண்ணுக்குப் போகிறது. தளம் வேலை செய்துகொண்டிருக்கும்போதே பெயரைச் சங்கத்தின் பெயருக்கும் சங்கத்தின் மின்னஞ்சலுக்கும் மாற்றிக்கொள்ள வேண்டும். புதுப்பிக்கும் திகதியையும் வழங்கியின் விபரத்தையும் ஒரு தாளில் எழுதிப் பொருளாளரின் கோவையில் போட வேண்டும். கூடவே, வேர்ட்பிரஸின் கருவிகள் பட்டியிலுள்ள ஏற்றுமதியை வருடத்துக்கு ஒருமுறை அழுத்தினால் எல்லா எழுத்தும் ஒரே கோப்பாக இறங்கும். படங்கள் அதில் வராது, அவற்றின் உறையைத் தனியே படியெடுக்க வேண்டும். அந்தக் கோப்பைச் சாதாரண நோட்பேடில் திறந்தாலே தமிழை வாசிக்கலாம்.