பக்கவாதமும் மருத்துவமனை மாற்றமும்: உறவினர்கள் அறிய வேண்டியவை

"இங்கேயே வைத்துப் பார்க்க இயலாதா?" பக்கவாதத்தால் தாக்குண்ட ஒருவரை நகரத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று நாங்கள் கூறியவுடன் உறவினர்களிடமிருந்து எழும் முதற்கேள்வி இது. அதனைத் தொடர்ந்து, "அப்படியானால் முதலிலேயே அங்கே போயிருக்கலாமே" என்ற மனத்தாங்கலும் எழுவதுண்டு. இரண்டும் நியாயமானவையே. ஆகவே இரண்டுக்கும் சற்று விரிவாக விடையளிக்க விழைகிறோம்.

மூளையின் பெரிய இரத்தக்குழாய் ஒன்று அடைபட்டால், இரத்த ஓட்டமின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன. அடைப்பைப் போக்க இருவழிகள் உள்ளன. ஒன்று, இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி. நோய்க்குறி தோன்றிய நான்கரை மணி நேரத்திற்குள் அதனைச் செலுத்த வேண்டும். மற்றொன்று, தொடையிலுள்ள இரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, மூளையிலுள்ள கட்டியையே வெளியே இழுத்தெடுப்பது. இது பெரிய குழாய் அடைபட்டவர்களுக்கு மிகுந்த பயன் தரும் என்பது 2015ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுகளால் உறுதிப்பட்டது. பொதுவாக 6 மணி நேரத்திற்குள்ளும், ஸ்கேனில் காப்பாற்றத்தக்க மூளைப்பகுதி எஞ்சியிருப்பது தெரிந்தால் 24 மணி நேரம் வரையிலும் இதனைச் செய்யலாம். எங்கள் மருத்துவமனையில் முதற்சிகிச்சை உண்டு, இரண்டாவது இல்லை. அனுப்பி வைப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

அப்படியானால் நேரே பெரிய மருத்துவமனைக்கே செல்வது சிறந்ததா? ஸ்பெயினின் கட்டலோனியாப் பகுதியில் இவ்வினாவையே ஆராய்ந்தனர். பெரிய குழாய் அடைப்பு இருக்கலாம் என்று ஐயுற்றவர்களில் ஒரு சாராரை அருகிலுள்ள பக்கவாத மருத்துவமனைக்கும், மறு சாராரை நேரே கட்டியை அகற்றும் மையத்திற்கும் கொண்டு சென்றனர். 90 நாள்களுக்குப் பின் இரு சாராரின் உடல்நிலையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை என 2022இல் வெளியான முடிவு கூறிற்று. முதலில் அருகிலுள்ள இடத்திற்குச் சென்றதனாலேயே நோயாளி கெட்டுவிட்டார் என்று எண்ணி வருந்துவோருக்கு இது ஆறுதல் தரும் செய்தி. ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அங்கே அருகிலுள்ள மருத்துவமனை என்பது ஸ்கேனும் கரைக்கும் ஊசியும் ஆயத்தமாக உள்ள இடம். அவை இல்லாத சிறு கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு காத்திருப்பது அதற்கு ஈடாகாது.

எங்கள் அனுபவத்தில், சாலையில் கழியும் நேரத்தைவிடப் புறப்படுவதற்கு முன் கழியும் நேரமே பல சமயங்களில் மிகுதி. முதல் மருத்துவமனைக்குள் நுழைந்ததிலிருந்து வெளியேறும் வரை 120 நிமிடங்களுக்கு மேல் ஆகலாகாது என்பது வல்லுநர்கள் வகுத்த அளவுகோல். அதனையும் 90 ஆகக் குறைக்க இப்போது முயல்கின்றனர். இந்நேரத்தில் ஒரு பகுதி எங்கள் பொறுப்பு: ஸ்கேன் எடுப்பது, அங்குள்ள மருத்துவரிடம் பேசுவது, படுக்கையை உறுதிசெய்வது, வண்டியை வரவழைப்பது. மறுபகுதி உறவினர்கள் கையில் உள்ளது. "பெரியப்பா வந்துவிடட்டும்", "மூத்த மகன் பெங்களூரிலிருந்து புறப்பட்டுவிட்டான்" என்று நடைக்கூடத்தில் நிகழும் ஆலோசனையில் முக்கால் மணி நேரம் கரைவதை நாங்கள் கண்டிருக்கிறோம். குடும்பத்தின் பெரியவரைக் கலந்து கொள்வது நம் மரபு. அதைக் குறை கூறவில்லை. தொலைபேசியிலேயே கலந்து கொள்ளுங்கள். எங்கள் மருத்துவரிடம் தொலைபேசியைக் கொடுத்தால் அவரே விளக்குவார். மகன் நேரே அந்த மருத்துவமனைக்கு வந்து சேரலாம்.

நோயாளியுடன் செல்ல வேண்டியவருள் முதன்மையானவர், அவரை நல்ல நிலையில் கடைசியாகப் பார்த்தவரே. காலையில் எழும்போதே கைகால் விளங்காதிருந்தால், முந்தைய இரவு அவர் படுக்கச் சென்ற நேரமே கணக்கில் கொள்ளப்படும். "காலையில்தான் வந்தது" என்று பொதுவாகக் கூறுவது சிகிச்சையையே திசைதிருப்பிவிடும். அவர் வழக்கமாக உட்கொள்ளும் மாத்திரைகளை, சிறப்பாக இரத்தம் உறையாமலிருக்கத் தரப்படுபவற்றை, அட்டையோடு எடுத்துச் செல்லுங்கள். ஸ்கேன் படங்களின் பதிவு, ஊசி செலுத்திய நேரம் குறித்த தாள், காப்பீட்டு அட்டை ஆகியனவும் உடன் செல்ல வேண்டும். படம் இல்லாவிடில் மீண்டும் ஸ்கேன் எடுக்க நேரலாம்.

கரைக்கும் மருந்துகளுள் ஆல்டிபிளேஸ் ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்குவது. டெனெக்டெபிளேஸ் ஒரே ஊசியாகச் செலுத்தப்படுவது. முன்னதைப் பெறும் நோயாளி, மருந்து இறங்கிக்கொண்டிருக்கும்போதே வண்டியில் ஏற்றப்படக்கூடும். அதைக் கண்டு அஞ்ச வேண்டா. வழியில் இரத்த அழுத்தத்தையும் நினைவையும் உடன் வரும் பணியாளர் கண்காணிப்பார். நோயாளி தாகமென்று கைகாட்டினாலும் தண்ணீரோ காபியோ கொடுத்துவிடாதீர்கள். விழுங்கும் திறன் குன்றியிருந்தால் அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கும். ஸ்கேன் பார்க்கும் முன் ஆஸ்பிரின் கொடுப்பதும் தவறு. அடைப்பா, இரத்தக்கசிவா என்பது படம் பார்த்தபின்பே தெரியும்.

முதல் மாற்றத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள்; இரண்டாவது மாற்றத்தைப் பற்றி எவரும் பேசுவதில்லை. பெரிய மருத்துவமனையிலிருந்து எங்களிடமோ வீட்டிற்கோ திரும்பும் நாள் அது. ஆபத்து நீங்கிவிட்டது என்ற நிம்மதியில் குடும்பத்தினர் இருப்பர். ஆனால் எந்த மாத்திரை நிறுத்தப்பட்டது, எது புதியது, கஞ்சி எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும், மூக்குக்குழாயை எப்போது எடுப்பது, இரத்த அழுத்தம் எவ்வளவு இருக்க வேண்டும் ஆகிய செய்திகள் வழியிலேயே தொலைந்துபோகின்றன. டிஸ்சார்ஜ் தாளில் இவை உள்ளனவா என்று கிளம்பும் முன் கேட்டுச் சரிபாருங்கள். எழுதப்படாதவற்றைச் செவிலியரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வண்டியில் ஏற்றும்போது செயலிழந்த கையைப் பற்றி இழுக்க வேண்டா. தோள்மூட்டு நழுவி, பல மாதங்கள் வலி தரும்.

மீட்சியின் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களில் நிகழ்கிறது. அக்காலத்தில் இடமாற்றத்தால் இரண்டு வாரம் பயிற்சி தடைபடுவது சிறிய இழப்பன்று. ஆகவே புறப்படும் நாளிலேயே அடுத்த பிசியோதெரபி எங்கே, எந்நாளில் என்பதைத் தீர்மானித்துவிடுங்கள். எங்கள் பிரிவுக்கு வாரந்தோறும் வர இயலாதவர்களுக்கு, தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் இயன்முறைப் பயிற்சி வீட்டிற்கே வந்து அளிக்கப்படுகிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிஸ்சார்ஜ் தாளின் நகலைக் கொடுத்துப் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம். நகல் எடுக்க எங்கள் வரவேற்பு மேசையில் கேளுங்கள்.