ஏலமலையில் ஒரு தவளைக் குடும்பம்

உடும்பஞ்சோலை என்னும் ஊர்ப்பெயரிலேயே ஒரு விலங்கு குடியிருக்கின்றது. உடும்பையும் தவளையையும் அங்குள்ள சிறுவரும் மாற்றிச் சொல்வதில்லை. செதில் போர்த்த உலர்ந்த தோலுடையது ஊர்வன வகுப்பு. ஈரத்தோலும் நீரில் வாழும் தலைப்பிரட்டைப் பருவமும் உடையது இருவாழ்வி வகுப்பு. பல செல்களாலான உடல், செல்சுவரின்மை, உணவுக்குப் பிற உயிர்களைச் சார்ந்திருத்தல் ஆகியவை இரண்டிற்கும் பொதுவானவை; அவையே விலங்குலகின் அடிப்படைப் பண்புகள். முதுகெலும்பும் இரண்டிற்கும் உண்டு.

வகுப்பு வரையில் கண்ணே போதும். குடும்பம், பேரினம், சிற்றினம் என இறங்கும்போதுதான் தோற்றம் ஏமாற்றுகின்றது.

உடும்பஞ்சோலையை அடுத்த கட்டப்பனைப் பகுதியின் ஏலக்காட்டில் கிடைத்த தவளையொன்றை எஸ். டி. பிஜு, பிராங்கி பொசைட் ஆகியோர் 2003இல் அறிவியல் உலகிற்கு விவரித்தனர். ஏறத்தாழ 7 செ.மீ. நீளம், ஊதிப் பருத்த கருநீல ஊதா உடல், கூரிய மூக்கு, மண்ணைத் தோண்ட உதவும் கடினப் புடைப்புடைய பின்பாதம். ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கழித்துக் கறையான் தின்று வாழும் இது, தென்மேற்குப் பருவமழைத் தொடக்கத்தில் சில நாட்களே இனப்பெருக்கத்திற்காக வெளிவரும். ஆண்டுக்கொரு முறை தோன்றுவதால் மாவேலித் தவளை என மலையாளத்தில் வழங்குவது பொருத்தமே. ‘நாசிகாபத்ராகஸ் சஹ்யாத்ரென்சிஸ்’ என்பது அறிவியற் பெயர். நாசிகா என்பது மூக்கு.

மண்ணில் புதையும் தவளைகள் வேறு குடும்பங்களிலும் உள்ளன. ஆயின் எலும்பமைப்பும் மரபணுவும் இதனை அவற்றுடன் சேர்க்க இடந்தரவில்லை. இதன் நெருங்கிய உறவினர் இந்தியப் பெருங்கடலின் செஷல்ஸ் தீவுகளிலுள்ள சிறு தவளைகளே. கோண்டுவானாப் பெருநிலம் பிரிந்துசென்ற கதையை இவ்வுறவு உணர்த்துகின்றது. ஆகவே இதற்கெனத் தனிக் குடும்பமே வகுக்கப்பட்டது.

இதன் தலைப்பிரட்டை, உறிஞ்சும் வாயினால் விரைந்தோடும் நீரில் பாறையைப் பற்றி வளர்வது. ஓடையில் தடுப்பணை எழுந்து நீர் தேங்கினால் அப்பாறை பயன்படாது. இந்தத் தலைப்பிரட்டைகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆய்வாளர் கையில் கிட்டியிருந்தும், எந்தத் தவளையின் குஞ்சு என்பது அன்று விளங்கவில்லை. பெயரில்லாத விலங்கு எந்தத் திட்ட அறிக்கையிலும் இடம்பெறுவதில்லை.

2017இல் மலையின் கிழக்குச் சரிவில், தமிழகப் பக்கம், இதே பேரினத்தில் ‘பூபதி’ என்னும் சிற்றினம் விவரிக்கப்பட்டது. அது வடகிழக்குப் பருவமழையில் இனம் பெருக்குவது. ஜூன் மாதத்தில் மேற்குச் சரிவு ஓடைகளைப் பார்வையிட்டு எழுதிய அறிக்கை கிழக்குச் சரிவிற்குப் பொருந்தாது. அங்கே அக்டோபருக்குப் பின் மீண்டும் சென்று பார்த்தல் வேண்டும்.